இரண்டாம் தலைவர்

மனித நாகரிகம் என்பது, சுருக்கிச் சொன்னால், சாவி யார் கையில் இருக்கிறது என்ற ஒரே கேள்வியின் வரலாறு. கோட்டைகள் எழுந்ததும் விழுந்ததும், பேரரசுகள் பிறந்ததும் பிளந்ததும் இந்தக் கேள்வியால்தான். அந்த நெடிய வரலாற்றில் தன் பெயரையும் பொறித்துவிட வேண்டும் என்ற முடிவோடு, அன்று காலை மருத்துவமனையின் தரவுப் பிரிவுக்குள் புதுச் சட்டையோடு நுழைந்தார் முதன்மைத் தரவுக் கட்டமைப்பு நிர்வாகத் தலைவர். சட்டைக் காலருக்குப் பின்னால் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு நிமிஷம் திரும்புங்க" என்று கத்திரிக்கோலோடு எழுந்தார் எதிர் மேசை டீச்சர். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் அல்ல. எதையும் இரண்டு முறை விளக்கி, கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்கும் வழக்கத்தால் வந்த பட்டம் அது.

"விட்டுடுங்க, அது அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் தலைவர். டீச்சர் அதற்குள் வெட்டிவிட்டிருந்தார்.

முதன்மைத் தரவுக் கட்டமைப்பு நிர்வாகத் தலைவரை யாரும் முழுதாகக் கூப்பிடுவதில்லை, மூச்சு போதாது. முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'ரூட்டு'. நோயாளி விவரம், படுக்கை, மருந்து, ரத்தம் என்று மருத்துவமனையின் சகலமும் அடங்கிய தரவுத்தளத்தில், ஆக்கவும் அழிக்கவும் வல்ல தலைக்கணக்குக்கு 'ரூட்' என்று பெயர். "ரூட் என் கையில இருக்கு" என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. உண்மையில் அது பதினோரு பேர் கையில் இருந்தது. ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல், அதுவும் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரின் ஓரத்தில்.

அந்தக் கூடத்துக்கென்று ஒரு நடைமுறை உண்டு. யாராவது ரூட் கணக்கில் நுழையும்போது "உள்ள போறேன்!" என்று கத்துவார்கள். மற்ற பத்துப் பேரும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் "வெளிய வந்துட்டேன்!" தாழ்ப்பாள் இல்லாத குளியலறையில் பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பது மாதிரியான பாதுகாப்பு. நடைபாதையில் போகும் நோயாளிகளின் உறவுக்காரர்கள் இந்தக் கூச்சலைக் கேட்டு, உள்ளே என்ன வகை வைத்தியம் நடக்கிறதோ என்று நடையை எட்டிப் போடுவார்கள்.

தணிக்கைக் குழு வந்து இதைப் பார்த்தது. பிறகு, இனி ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும், யார் என்ன செய்தார் என்பது பதிவாக வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனது. அதற்காகத்தான் இன்று நிறுவப்போகும் புதிய மென்பொருள் கருவி. பொத்தான், படம், வண்ணம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தால் செய்யும், தப்பாக அடித்தால் அதையும் செய்யும்.

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். நிறுவும் கட்டளையை அவரே அடித்தார். கருவி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தது. பயனர்களின் பெயர்கள்? "இருக்கை ஒன்று, இருக்கை ரெண்டு, அப்படியே பத்து வரைக்கும் போட்டுடலாம். ஆள் மாறுவான், இருக்கை மாறாது" என்றார் தலைவர், ஏதோ தத்துவம் சொல்வது போல. டீச்சர் இருக்கை நான்கு ஆனார்.

அடுத்த கேள்வி: தலைவர்கள் எத்தனை பேர்?

அவர் ஒன்று என்று அடித்தார். 'குறைந்தது இரண்டு' என்றது திரை. மறுபடியும் ஒன்று என்று, இந்த முறை அழுத்தி அடித்தார். அழுத்தத்தைக் கருவி பொருட்படுத்தவில்லை.

"ரெண்டு பேர் வேணும் சார்" என்றார் டீச்சர். "ஏதாவது அழிக்கணும்னா, மாத்தணும்னா, ஒரு தலைவர் கேக்கணும், இன்னொரு தலைவர் சரின்னு சொல்லணும். கேட்டவரே சரின்னு சொல்லிக்க முடியாது. பெட்டகத்துக்கு ரெண்டு சாவி மாதிரி. ஒரு சாவிய வச்சுக்கிட்டு நீங்க..."

"புரியுது."

"...திருகிக்கிட்டே இருந்தாலும் திறக்காது. புரிஞ்சுதா?"

"அதாவது, எனக்குக் கீழ வேலை பாக்கற ஒருத்தரை எனக்குச் சமமா உக்கார வைக்கச் சொல்லுது இந்தப் பொட்டி."

தலைவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். இருக்கை இரண்டு பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது. இருக்கை ஏழு கொட்டாவியை விழுங்கியது. இருக்கை நான்கு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இவர்களில் ஒருவரைத் தனக்கு இணையாக நினைத்துப் பார்க்கவே அவருக்குக் கசந்தது.

"இயக்குநரைப் போட்டுடலாம்."

"நம்ம ஆஸ்பத்திரி இயக்குநரையா? அவரு இதுக்குள்ள வருவாரா சார்?"

"அவரு எதுக்கு வரணும்? பேர் இருந்தா போதும். ஒரு மரியாதை."

"இது மரியாதைக்கான இடம் இல்ல சார், சாவிக்கான இடம்."

"டீச்சர், எனக்கு நிர்வாகம் தெரியும்."

இயக்குநரின் பெயரை, அறை வாசலில் பித்தளைப் பலகையில் இருப்பது போலவே, எல்லாப் பட்டங்களோடும் அடித்தார். அவருடைய முதல் நுழைவுக்கான குறியீடு அவர் மின்னஞ்சலுக்குப் போய்விட்டதாகக் கருவி அறிவித்தது. 'இரண்டாம் தலைவர் இன்னும் உள்ளே வரவில்லை' என்று ஒரு வரி கீழே நின்றது. அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல, நிறுவல் முடியும்வரை ஒரு தலைவரே போதும் என்பதால், பழைய ரூட் கணக்கை மூடும் கட்டளையை அடிக்க ஆரம்பித்தார்.

"அதை இன்னிக்கே மூட வேண்டாமே சார். ஒரு வாரம் கிடக்கட்டும்."

"பழைய சாவியை மடியில கட்டிக்கிட்டுப் புதுப் பூட்டு போடறதா?" என்று கேட்டுவிட்டு, பியானோ வாசிப்பவர் போலக் கையை உயர்த்தி இறக்கினார்.

'ரூட் கணக்கு மூடப்பட்டது. மீண்டும் திறக்க இரு தலைவர்களின் சம்மதம் தேவை.'

தேநீருக்குப் போக வேண்டியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

கைதட்டலின் இனிமை காதில் இருக்கும்போதே டீச்சரின் குரல் வந்தது. "சார், டிஸ்க்ல இடம் தொண்ணூறு சதவீதம் நிரம்பிடுச்சு."

தரவுத்தளம் தான் செய்யும் ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டே போகும். அந்தக் குறிப்புகள் வட்டில் மலை போலக் குவியும். தினமும் முற்பகலில் யாராவது "உள்ள போறேன்!" என்று கத்திவிட்டுப் பழையதைத் துடைத்துவிடுவார்கள். பாத்திரம் கழுவுவது போன்ற வேலை. யார் செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இன்று கருவி நிறுவும் கோலாகலத்தில் யாரும் துடைக்கவில்லை. போதாததற்குப் புதுக் கருவியும் தன் பங்குக்கு எழுதித் தள்ளிக்கொண்டிருந்தது.

"துடைச்சிடுங்க. இதையெல்லாமா எங்கிட்ட கேப்பீங்க?"

"நான் இருக்கை நாலு சார். எனக்கு அந்த உரிமை இல்ல. நீங்கதான் கொடுக்கல."

தலைவர் பெருந்தன்மையோடு கட்டளையை அடித்தார். திரை சொன்னது: 'கோரிக்கை பதிவானது. இரண்டாம் தலைவரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது.'

மறுபடி அடித்தார். 'ஏற்கெனவே காத்திருக்கிறது.'

மூன்றாம் முறை அடித்தபோது அவர் காதுமடல் சிவந்திருந்தது. "ரூட்டைத் திறங்க."

"அதுக்கும் ரெண்டு பேர் வேணும்."

"சரி, இந்த இயக்குநரைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடுங்க."

"அதுக்கும்தான் சார்."

இடம் முழுதாக நிரம்பினால் என்ன ஆகும் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தரவுத்தளம் வாயை மூடிக்கொள்ளும். இருப்பதைப் படிக்கலாம், புதிதாக ஒரு எழுத்து எழுத முடியாது. மருந்து பதியாது, ரத்தம் ஒதுக்காது. ரத்தம் ஒதுக்கியதாகத் திரையில் வராமல் அறுவை அரங்கின் கதவு யாருக்கும் திறக்காது. அப்படி ஒரு விதியை நெஞ்சை நிமிர்த்திப் புகுத்தியவரும் நம் தலைவர்தான்.

அவருடைய தொலைபேசி அடித்தது. மனைவி. அறுவைப் பகுதியில் மூத்த செவிலி.

வீட்டைப் பொறுத்தவரை தலைவருக்கு இருப்பது படிக்கும் உரிமை மட்டும். எழுதும் உரிமை, அழிக்கும் உரிமை எல்லாம் அந்த அம்மாளிடம். எனவே எழுந்து நின்றுகொண்டு எடுத்தார்.

"என்னங்க, உங்க பொட்டிக்கு என்ன கேடு? ஒரு பேர் அடிச்சா நத்தை மாதிரி நகருது. இங்க அம்மா மூணாவது ஆளு, ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? மாமியாரின் பித்தப்பையில் கல். நாலு மாதமாக நடுச்சாப்பாட்டில் தட்டை விட்டுவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறார். இன்றைய தேதியைத் தலைவரே மேலே கீழே பேசி வாங்கிக் கொடுத்திருந்தார். இன்று நடக்காவிட்டால், அந்த அறுவை மருத்துவர் வெளிநாடு போய்த் திரும்பி வர மூன்று மாதம். நேற்று மாலையிலிருந்து மாமியார் வயிற்றில் ஒன்றும் இல்லை.

"சின்ன... ஒரு பராமரிப்பு. இதோ முடிஞ்சிடும்."

"இருங்க, அம்மா பேசணுமாம்."

"மாப்பிள்ளை" என்றது ஒரு பலவீனமான, ஆனால் கூர் மழுங்காத குரல். "தாகத்துல நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. ஆனாலும் கேக்கறேன். எல்லாம் உங்க கையிலதான இருக்குன்னு பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னீங்க?"

"ஆமா அத்தை."

"கைய கொஞ்சம் அசைங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. டீச்சர் திரையைத் திருப்பிக் காட்டினார். தொண்ணூற்று மூன்று.

"மொத்தத்தையும் அணைச்சு மறுபடி ஏத்தினா?" என்றார் தலைவர்.

"மேல ரெண்டு பேருக்கு வயித்தைத் திறந்து வச்சிருக்காங்க சார். அணைக்கற நேரமா இது?"

கருவியின் கையேட்டைத் திறந்தார்கள். 'தலைவர் ஒருவர் மட்டும் செயலில் இருக்கும் நிலையில் என்ன செய்வது' என்று ஒரு பத்தியே இருந்தது. ஆவலாகப் படித்தார்கள். 'இரண்டாம் தலைவரை அணுகவும்' என்றிருந்தது.

மின்தூக்கி வாசலில் இரண்டு தள்ளுவண்டிகள் காத்திருந்தன. தலைவர் படியில் ஏறினார். டீச்சர் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார். மூன்றாவது மாடியில் தலைவருக்கு மூச்சு வாங்கியது. நான்காவது மாடியில் பதவிப்பெயரில் பாதி கழன்று விழுந்தது. ஐந்தாவது மாடியில் இயக்குநரின் காரியதரிசி முன் நின்றபோது வெறும் வியர்த்த மனிதராக இருந்தார்.

"உள்ள விருந்தாளிங்க இருக்காங்க" என்றார் காரியதரிசி, நகத்தைப் பார்த்துக்கொண்டே. "அரை மணி நேரம் ஆகும்."

"அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரியே நின்னுடும்மா!"

"போன மாசம் பிரிண்டருக்கும் இதையேதான் சொன்னீங்க."

"அக்கா" என்றார் டீச்சர் முன்னால் வந்து, "இந்தத் தடவை நிஜமாவே நிக்கும். நின்னுதுன்னா முதல்ல ஃபோன் உங்களுக்குத்தான் வரும். நாப்பது வார்டுலேருந்தும் வரும். புரிஞ்சுதா?"

காரியதரிசிக்கு உடனே புரிந்தது. கதவைத் திறந்தார்.

உள்ளே தரைவிரிப்பு கணுக்காலை விழுங்கியது. விருந்தாளிகள் ஐந்து பேர் அரைவட்டமாக உட்கார்ந்திருக்க, இயக்குநர் நடுவில் நின்றுகொண்டு, "காகிதமே இல்லாத மருத்துவமனை! இந்த நாற்காலியிலேருந்தே ஒவ்வொரு படுக்கையையும் நான் பாக்கறேன்" என்று மேசைமேல் இருந்த பெரிய திரையைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். திரை அணைந்திருந்தது. அதன் பளபளப்பில் அவர் முகம் தெரிந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

தலைவர் அவர் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னார்.

"நானா? நான் எப்ப தலைவரானேன்?"

"காலையில சார்."

"நான் இயக்குநர்யா. தலைவர்னா எனக்குக் கீழதான?"

"அது வேற தலைவர் சார். நீங்க ஒரு கட்டளை அடிக்கணும். இப்பவே. உங்க கம்ப்யூட்டர்லயே அடிச்சிடலாம்."

விருந்தாளிகளின் முன்னால் அறிவித்தாகிவிட்டது, பின்வாங்க வழியில்லை. இயக்குநர் கம்பீரமாக உட்கார்ந்து திரையைப் பார்த்தார். தலைவர் திரையின் கீழே பொத்தானை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. டீச்சர் மேசைக்குப் பின்னால் போய்க் குனிந்தார். திரையின் முதுகிலிருந்து ஒரு கம்பி இறங்கி, தரைவிரிப்பு வரை வந்து, அங்கே சும்மா கிடந்தது.

"சார், இதோட கம்ப்யூட்டர் எங்க?"

"அது கம்பியில்லா வகை" என்றார் இயக்குநர்.

டீச்சர் கம்பியின் நுனியைத் தூக்கிக் காட்டினார். "கம்பி இருக்கு சார். கம்ப்யூட்டர்தான் இல்ல."

ஒரு விருந்தாளி தன் காலணியை ஆராய்ந்தார். ஆறு வருடமாக அந்த அறைக்குக் கணினி வாங்கப்படவே இல்லை என்பது அந்தக் கணத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. மின்னஞ்சல்களைக் காரியதரிசி அச்செடுத்துக் கொடுப்பார், இயக்குநர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார், தேவை எழவில்லை.

டீச்சர் மறுபேச்சில்லாமல் மடிக்கணினியை அவர் முன் வைத்துக் கறுப்புத் திரையைத் திறந்தார். மூலையில் எண்: தொண்ணூற்று ஆறு. காரியதரிசி தன் தொலைபேசியில் இயக்குநரின் மின்னஞ்சலைத் திறந்து குறியீட்டை வாசித்தார். கருவி ஏற்றுக்கொண்டது. 'புதிய கடவுச்சொல்லை இருமுறை அடிக்கவும். மூன்று முயற்சிகளுக்குப் பிறகு கணக்கு பூட்டப்படும்.'

இயக்குநர் சுட்டுவிரலை நீட்டி ஒரு விசையைக் குத்தினார். "ஒண்ணும் வரலையே."

"வராது சார். கடவுச்சொல் திரையில தெரியாது. போய்க்கிட்டேதான் இருக்கு."

"தெரியாட்டி போகுதுன்னு எப்படி நம்பறது?" என்று அதே விசையை இன்னும் ஏழெட்டு முறை குத்தினார். இரண்டாம் முறை எத்தனை குத்து குத்தினோம் என்பது அவருக்கே நினைவில்லை.

'இரண்டும் பொருந்தவில்லை. இரு முயற்சிகள் மீதம்.'

அடுத்த முயற்சியில் இயக்குநர் நிதானமாக அடித்தார். ஆனால் முதல் முறை அடித்ததைவிட நல்லதாக ஒன்று இடையில் தோன்றிவிட்டதால், இரண்டாம் முறை அதை அடித்தார்.

'பொருந்தவில்லை. ஒரு முயற்சி மீதம்.'

தொலைபேசி சட்டைப்பையில் துடித்தது. "என்னங்க, அம்மாவைத் தள்ளிக்கிட்டு வந்து அரங்கு வாசல்ல நிறுத்தி வச்சிருக்காங்க. ரத்தம் இன்னும் பதிவாகல, திரை சுத்திக்கிட்டே இருக்கு. டாக்டர் கையுறையைக் கழட்டிட்டு மணி பாக்கறாரு. இன்னும் அஞ்சு நிமிஷம்தான் நிப்பேங்கறாரு. கேக்குதா?" மனைவியின் குரலில் வழக்கமான கேலி இல்லை. அது இல்லாததுதான் அவரைப் பயமுறுத்தியது.

"கேக்குது."

மாமியார் சுருண்டு கிடக்கும் கோலம் கண்ணில் வந்தது. இன்னும் மூன்று மாதம் அந்தக் கோலம். அவர் மேசையருகே முழங்கால் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பதவியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் யார் முன்னாலும் அப்படி உட்கார்ந்ததில்லை.

"சார், ஒரு வார்த்தையை மனசுல நினைச்சுக்குங்க. சின்னதா, மாறாததா. அதையே ரெண்டு தடவை. அவ்வளவுதான்."

"எல்லாரும் பாக்கறாங்களே. கடவுச்சொல் ரகசியம்னு நீயே சுற்றறிக்கை விட்டிருக்க" என்று சொல்லி இயக்குநர் இடது உள்ளங்கையால் விசைப்பலகையை மூடிக்கொண்டு, வலது விரலை அதற்கடியில் நுழைத்தார்.

"சார், கைய எடுங்க! உங்களுக்கே எழுத்து தெரியல!"

இயக்குநரிடம் இதுவரை யாரும் கத்தியதில்லை. தலைவருக்கே தான் கத்தியது சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. ஆனாலும் வெள்ளம் தலைக்கு மேல் போயிருந்ததால், சாண் என்ன முழம் என்ன என்று திரும்பி நின்றார்.

"எல்லாரும் சுவரைப் பாத்துத் திரும்புங்க. தயவுசெஞ்சு. விருந்தாளிங்களும்தான்."

ஐந்து விருந்தாளிகள், காரியதரிசி, டீச்சர், தலைவர் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் போல. தலைவரின் மூக்குக்கு நேரே இயக்குநர் ஏதோ கோப்பை வாங்கும் படம் மாட்டியிருந்தது. பின்னால் விசை ஒலி கேட்டது. டக். வெகுநேரம் ஒன்றுமில்லை. டக். இயக்குநர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். டக். டக். காதெல்லாம் அந்த விரல்மேல் இருந்தது. ஒரு விருந்தாளிக்குத் தும்மல் வந்தது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை உள்ளேயே வெடிக்கவிட்டார்.

"அந்த... வளைஞ்ச பெரிய விசை எங்க இருக்கு?"

"என்டர் வலது பக்கம் சார்" என்றன எட்டுக் குரல்கள், சுவரைப் பார்த்தபடி.

டக். மறுபடி முதலிலிருந்து. அதே எண்ணிக்கையா? தலைவர் எண்ண முயன்றார், நடுவில் தொலைபேசி துடித்ததில் எண்ணிக்கை தவறியது. எடுக்கவில்லை. டக். டக். கடைசியாக ஒன்று, மற்றவற்றைவிடக் கனமாக.

யாரும் திரும்பத் துணியவில்லை.

"ஏதோ 'வருக'ன்னு போட்டிருக்கு" என்றார் இயக்குநர்.

தலைவர் பாய்ந்தார். தொண்ணூற்று ஒன்பது. சம்மதம் என்ற சொல்லையும் கோரிக்கையின் எண்ணையும் டீச்சர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, தலைவர் ஒவ்வொரு விசையாகச் சுட்டிக்காட்ட, இயக்குநர் குத்தினார். இடையில் ஒரு எழுத்து தப்பிப் போனது. அழித்து மறுபடி குத்தினார். கடைசியில் அந்த வளைந்த பெரிய விசை.

திரையில் வெள்ளை வரிகள் மழை போல ஓடின. நின்றன. மூலையில் எண் விழுந்தது: எண்பது, அறுபது, நாற்பத்தொன்று.

தலைவர் மனைவியைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. போய்விட்டாரோ டாக்டர்? தலைவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் முறை எடுத்த மனைவி, "உள்ள கொண்டு போயிட்டாங்க. கதவு சாத்திட்டாங்க. டாக்டர் மறுபடி கையுறை போட்டுக்கிட்டாரு" என்றாள். பிறகு ஒரு பெருமூச்சு. "போகும்போது அம்மா, 'மாப்பிள்ளை கை அசைஞ்சிடுச்சா'ன்னு கேட்டாங்க."

"அசைஞ்சிடுச்சுன்னு சொல்லு."

"முழிச்சதும் நீங்களே வந்து சொல்லுங்க. வச்சிடறேன்."

இயக்குநர் அதற்குள் பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தார். "இதுதான் நான் சொன்ன இரட்டைப் பாதுகாப்பு" என்று விருந்தாளிகளிடம் கையை விரித்தார். "நேரடியா காட்டினாத்தான் புரியும்னு ஏற்பாடு பண்ணியிருந்தேன்." விருந்தாளிகள் கைதட்டினார்கள். சுவரைப் பார்த்து நின்றதற்கு இப்படி ஒரு விளக்கம் கிடைத்ததில் அவர்களுக்கும் நிம்மதி.

கைதட்டலின் மறைவில் இயக்குநர் தலைவரின் முழங்கையைப் பிடித்து அருகே இழுத்தார். "இந்தா பாரு. இந்தச் சனியனுக்காக இனி ஒரு தடவை என்னைக் கூப்பிட்டே, நீ தலைவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்பவே வேற ஆளைப் போடு. நான் உக்காந்திருக்கும்போதே. உடனே சரின்னு குத்திடறேன்."

தலைவர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வாசலருகே டீச்சர் காரியதரிசியோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தலைவர் அவரைப் பார்த்தார். காலையில் கசந்த எண்ணம் இப்போது கசக்கவில்லை. காலையில் இந்த அம்மா சொன்னதைக் கேட்டிருந்தால் ஐந்து மாடி ஏறியிருக்க வேண்டியதில்லை என்பதைக்கூட, வெளியே சொல்லாமல், உள்ளே ஒப்புக்கொண்டார். இதைவிடப் பெரிய பெருந்தன்மையை அவரிடம் யாரும் எதிர்பார்க்க முடியாது. புதிய தலைவரைச் சேர்க்கும் கட்டளையைத் தப்பில்லாமல் அடித்தார்.

திரை கேட்டது: 'புதிய தலைவரின் முழுப்பெயர்? இருக்கை எண் ஏற்கப்படாது.'

எழுத்து விழவேண்டிய இடத்தில் ஒரு கோடு மின்னி மின்னி மறைந்தது.

"யாரு, அந்த அம்மாதானே? நல்ல ஆளு. என்னய்யா யோசனை, அடி" என்றார் இயக்குநர்.

தலைவரின் விரல்கள் விசைகளுக்கு மேலே நின்றன. டீச்சர் ஒன்பது வருடமாக அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் தலைவருக்குத் தெரியாது.